காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

அன்பு மகளுக்கு,

"என் விஷயத்த எத்தன பேர்ட்டப்பா சொல்லி வச்சிருக்கீக?" என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டாய். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "இதுல ஒளிக்க என்னத்தா இருக்கு? நம்ம ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றேன். நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன் நான். பிள்ளைகள் "சரி சார்" என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. விளங்கிவிட்டது என்பது ஒன்று. இனி உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்பது மற்றொன்று. நீ சொன்னது எந்த வகை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் உன் பெயர் இராது, என் பெயரும் இராது, நீ இருக்கும் ஊரும் இராது. காரணம் போகப் போகத் தெரியும்.

நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் பெரியகுளத்திலிருந்து ஜெயமங்கலத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போனோம், நினைவிருக்கிறதா? பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "ஒங்க மகளாக்கும்? என்ன படிக்கிது? எந்தூரு காலேஜி? வயசு பதினெட்டா, பத்தொம்பதா? என்ன நச்சத்திரம்?" நான் வகுப்பில் பதில் சொல்லும் பையனைப் போல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இறங்கியதும் கேட்டாய்: "அந்தம்மா பேரு என்னப்பா?" எனக்குத் தெரியவில்லை. "நம்மளப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாக. அவுகளப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியல" என்றாய். "அடுத்த வாரமே தெரிஞ்சிரும், பாரு" என்று சிரித்தேன். சொன்னபடியே பத்து நாளில் அவரைப் பெரியகுளம் கூட்டுறவு வங்கியில் பார்த்தேன். என்னிடம் படித்த ஒரு பையனின் அத்தை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து உன்னிடம் வந்து சொன்னேன். அது உண்மையும்தான். நம் பக்கத்தில் நம்மை அறிந்தவரை நாமும் அறிந்திருப்போம். அவர் தப்பாக ஏதாவது பேசினால் அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்க முடியும். என் பாடம் அந்த அளவுக்குச் சரி. அந்தப் பாடம் செல்லாத இடம் ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் அப்பா படிவம் நிரப்புவதில் பேர் வாங்கியவன். கல்வி உதவித்தொகை, ரேஷன் அட்டை, முதியோர் ஓய்வூதியம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நம் வீட்டு மேசையில்தான் நிரப்புவேன். என் விதி ஒன்றே ஒன்று: ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பாவம், இன்னொரு தடவை அலைய வேண்டும். ஒருமுறை பொட்டிப்புரத்திலிருந்து ஒரு மாணவனின் தகப்பனார் ஏதோ ஒரு படிவத்தோடு வந்திருந்தார். அதில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம். "ஒங்க பொழுதுபோக்கு என்னண்ணே?" என்று கேட்டேன். "பொழுதே பத்தல சார், அதப் போக்க வேற செய்யணுமா?" என்றார். அதற்கும் விடவில்லை. 'மாடு வளர்த்தல்' என்று எழுதி அனுப்பினேன். உன் அம்மா அடுப்படியில் நின்று சிரித்தாள். "அந்த மனுசன் சாணி அள்ளுறதப் பொழுதுபோக்குன்னு எழுதின ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க மட்டுந்தான்" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழக்கத்தோடுதான் தேனியில் ஒரு மண்டபத்தில் நடந்த வரன் சந்திப்புக்குப் போனேன். அம்மாவும் போடி மாமாவும் கூட வந்தார்கள். படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், உயரம், நிறம், படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் எழுதினேன். கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. "அத விடுங்க. வெத்தா இருந்தா என்ன?" என்றாள் அம்மா. வெற்றாக விட என் கை வரவில்லை. நீ தங்கியிருந்த பெண்கள் விடுதியின் பெயரையும் தெருவையும் எழுதினேன். 'மாலை ஆறரை மணிக்கு விடுதி திரும்புவார், அதன் பிறகு பேசலாம்' என்று எழுதினேன். உன் கைப்பேசி எண்ணையும் எழுதினேன். கரும்பலகையில் எழுதுவேனே, அதே முத்து முத்தான எழுத்தில். உன்னை வேலை நேரத்தில் யாரும் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் எழுதியது அது. சிரிக்காதே. அழவும் செய்யாதே. அப்படித்தான் எழுதினேன்.

அதைப் புத்தகமாக அச்சடித்தார்கள். வெளியூரில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று இணையத்திலும் ஏற்றினார்கள். நீ நாற்பத்தொன்றாம் பக்கம். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து நூலகத்தில் நாளிதழ் படிக்க வருகிற எல்லோரிடமும் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாய். நம்மைப் பெண் கேட்டு வராத ஒருவன், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றுவரை நமக்குத் தெரியாத ஒருவன், உன்னைக் கூப்பிட்டு உன் பிறந்த நேரத்தைச் சொல்லியிருக்கிறான். "ஜாதகம் பொருந்துது, நீ ஏன் பேச மாட்டேங்கிற?" என்று கேட்டிருக்கிறான். பிறகு ஒருநாள் ஆறரை மணிக்கு விடுதி வாசலுக்கு எதிரே நின்றிருக்கிறான். மறுநாளும் நின்றிருக்கிறான். அப்போதுதான் நீ என்னைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாய். ஒரு வாரம் கழித்து, "அந்தப் பக்கத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றும் கேட்டாய்.

என் தவறுகளில் பெரியது எது என்று கேட்டால், அந்தக் கட்டத்தை நிரப்பியது அல்ல. அது அறியாமல் செய்தது. நீ எடுக்கச் சொன்ன பிறகு நான் எடுக்கச் சொல்லாததுதான். "அவுக நல்லது பண்றவுக. போயி எடுங்கன்னா மனசு சங்கடப்படுவாக" என்றேன். நிஜத்தில் எனக்குச் சங்கடம். வாத்தியார் மகளுக்கு ஏதோ பிரச்சினையாம் என்று பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தேன். என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு உன்னை அந்த வாசலில் விட்டுவிட்டேன். நீயாகவே விடுதியை மாற்றினாய், எண்ணை மாற்றினாய், வேலையை மாற்றினாய், கடைசியில் ஊரையே மாற்றினாய். அம்மா போனபோது வந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் புது எண்ணைக் கேட்டேன். "மாமாட்ட இருக்குப்பா. எதுன்னாலும் மாமாட்டச் சொல்லுங்க" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

மாமா மாதம் ஒருமுறை போடியிலிருந்து ஏலக்காய்க் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். போன வருடம் ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கைப்பேசி அடித்தது. மேசை மேல் என் பக்கமாக இருந்தது. திரையில் 'தராசு ரிப்பேர்' என்று வந்தது. மாமா சோற்றுக் கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். "சாப்ட்டியா ஆத்தா? காய்ச்சல் விட்டுருச்சா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. தராசு ரிப்பேர்காரரை எந்த ஏலக்காய் வியாபாரியும் ஆத்தா என்று கூப்பிடுவதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். "யாரு மாப்ள?" என்றேன். "தராசு முள்ளு நிக்க மாட்டேங்குது மச்சான், அதான்" என்றார். "இப்பத்தான் எல்லாம் எலெக்ட்ரானிக்கு ஆயிருச்சே, முள்ளு ஏது?" என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "வாத்தியாருக்கு வாக்கப்பட்ட எங்கக்கா எப்பிடித்தான் இம்புட்டு வருசம் இருந்தாகளோ" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். உனக்குக் காய்ச்சல் விட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாமாவுக்கு அடுத்த தடவை கொல்லைப்பக்கமும் போதாமல் போய்விடும்.

வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. நாளிதழை உரக்கப் படிக்கிறேன். தொண்டை பழக்கத்தில் இருக்கட்டும் என்றுதான். சில நாள், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யும்போது எதிர்முனையில் ஒலிக்கும் பதிவுக் குரல்தான் அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே குரலாக இருக்கும். உன் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்து நான் செய்ததற்கு இது காரணம், நியாயம் அல்ல.

இரண்டு மாதத்துக்கு முன்பு, காலைச் சாப்பாடு முடிந்த பிறகு, கைப்பேசியில் உன் பெயரைத் தேடினேன். உன் பெயரில் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடிகை ஒருத்தி, டாக்டர்கள், ஒரு பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய சிறுமி. அதில் நீ இல்லை. பிறகு உன் பெயருக்குப் பின்னால் என் முழுப் பெயரையும் சேர்த்துத் தேடினேன். என் பெயர் நம் குலதெய்வத்தின் பெயர். நம் பங்காளி வீடுகளைத் தாண்டினால் அந்தப் பெயர் வேறு யாருக்கும் கிடையாது. உன் படிவங்களில் 'கடைசிப் பெயர்' என்று கேட்ட இடத்தில் எல்லாம் நீ என் பெயரைத்தான் எழுதியிருக்கிறாய், நம் ஆட்களுக்கு வேறு என்ன இருக்கிறது எழுத? ஆயிரம் பேரும் மறைந்து இரண்டே இரண்டு வந்தன. ஒன்று நாற்பத்தொன்றாம் பக்கம், இத்தனை வருடம் கழித்தும் அப்படியே. மற்றது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பட்டியல். அவசரத்துக்கு உதவும் என்று யாரோ பொறுப்பாகத் தயாரித்தது, என்னைப் போல ஓர் ஆள்தான். உன் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண், வண்டி எண், இரத்த வகை. கடைசிக் கட்டத்தில் 'தனியாக வசிப்பவர்'. அவரும் ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நான்காம் நாள் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு தேனிக்குப் போய், உன் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து, "எங்கன சார் எறங்கணும்?" என்று கேட்டார். தாளை எடுத்து முகவரியை வாசித்தேன். வகுப்பறைக் குரல், உனக்குத் தெரியுமே, கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும். முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, "எனக்கு அந்த ஏரியா தெரியும் சார். யாரு வீடு?" என்றார். "மக வீடு" என்றேன். "மாப்பிள்ளை என்ன பண்றாரு? இல்ல, தனியாவா இருக்காக?" என்றார்.

'ஆமா' என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

அவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். பேச்சுத் துணைக்குக் கேட்டிருப்பார். ஆனால் பேருந்தில் இருந்த எவரையும் எனக்குத் தெரியாது, அவர்கள் அத்தனை பேருக்கும் உன் வீட்டு எண் தெரிந்துவிட்டது. "ஒரு பொருள வீட்டுல மறந்து வச்சிட்டேன், அடுத்த வண்டியில வர்றேன்" என்று கண்டக்டரிடம் பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். பேருந்து நிலையத்து இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விடுதி வாசலில் நின்றவன் சட்டைப்பையிலும் இப்படி ஒரு சீட்டு இருந்திருக்கும் அல்லவா? அவனும் ஆசையில்தான் வந்தேன் என்று சொல்லியிருப்பான். நீ கதவைத் திறக்கும்போது வெளியே நிற்பது அப்பனா அவனா என்பது உனக்குப் பிறகுதான் தெரியும். கதவுக்கு உள்ளே இருக்கும்போது இரண்டும் ஒரே மணியோசைதான். திராட்சையை நானே மூன்று நாள் வைத்துத் தின்றேன். தாளை அடுப்பில் போட்டேன். படித்ததை அடுப்பில் போட முடியவில்லை, உன் வீட்டு எண் எனக்கு மனப்பாடம்.

பொதுவில் இருக்கிற பதிவெல்லாம் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. நம் தென்னந்தோப்பின் பட்டா விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தபோது மகிழ்ந்தவன் நான். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்க முடிந்தால்தான் ஒருவன் நிலத்தை இன்னொருவன் விற்க முடியாது. வாக்காளர் பட்டியலை நாலு பேர் பார்த்தால்தான் செத்தவர் ஓட்டுப் போட மாட்டார். அந்தக் கட்டங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நீ தனியாக இருக்கிறாய் என்ற கட்டத்துக்கு, காவலாளி மேசைக்குள் இருந்தால் வேலை உண்டு. உலகத்துக்கு முன்னால் அதற்கு என்ன வேலை? படிவத்தை நீட்டினால் 'இது எதற்கு, இதை யார் பார்ப்பார்கள்' என்று கேட்க நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தரவில்லை. நிரப்பத்தான் சொல்லித்தந்தேன்.

பேருந்திலிருந்து இறங்கிய மறுநாளே மறுபடி தேனிக்குப் போய் வரன் புத்தகம் போட்டவரைப் பார்த்தேன். மனிதர் காபி வரவழைத்தார். "எடுக்கணுமா? எதுக்கு சார்? பாப்பாவுக்கு அமைஞ்சிருச்சா?" என்றார். "அமையல. எடுங்க" என்றேன். "ஒரு பக்கத்த மட்டும் உருவுனா நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்திரெண்டு வரும், பார்க்க நல்லாருக்காது சார்." "அப்ப மொத்தத்தையும் எடுங்க. அதுல இருக்க மத்த பிள்ளைகள யாராச்சும் கேட்டீகளா?" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க கேட்டீகளா சார்?" என்றார். நான் காபியைக் குடித்தேன். வேறென்ன செய்ய? போன வாரம் மொத்தத்தையும் எடுத்துவிட்டார். யாராவது ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் அதை அவராலும் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது.

குடியிருப்போர் சங்கத்துக்கு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். 'என் மகள் சார்பாக' என்று ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது. உன்னைக் கேட்காமல் உன் சார்பாக எழுதி எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறோம். மாமாவிடம், "மாப்ள, அந்தப் பட்டியலப் பத்தி அவகிட்டச் சொல்லிரு" என்றேன். "சொல்றேன் மச்சான். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பா. தேடுனீகன்னு தெரிஞ்சா மறுபடியும் எல்லாத்தையும் மாத்திருவா. அப்பறம் எனக்கும் நம்பர் தராம போயிட்டா?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. சொல்லாமல் விட்டால் உன்னைப் பற்றிய காய்ச்சல் சேதி மாதம் ஒருமுறை கொல்லைப்பக்கத்திலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருக்கும். சொன்னால் அதுவும் போகலாம். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு யார் கண்ணில் பட எத்தனை நேரம் ஆகும்? அதனால் நானே எழுதுகிறேன். நான் உன்னைத் தேடினேன். உன் அனுமதி இல்லாமல் உன் வீட்டு எண்ணும் கைப்பேசி எண்ணும் எனக்குத் தெரியும். நான் கூப்பிட மாட்டேன், வரவும் மாட்டேன். மாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மாற்றிவிடு. நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதும் இல்லை.

இந்தக் கடிதத்தை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகைக்காரர், இதே மாதிரி கட்டம் நிரப்புகிற அப்பன்மார் நிறைய உண்டு, போடலாமே என்றார். மகளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருக்கிறேன். நீ மாமாவிடம் வேண்டாம் என்று சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் விட்டாலும், இது உன்னோடு நின்றுவிடும். சரி என்று ஒரு சொல் சொன்னால் மட்டும் வெளியே போகும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கைப்பேசியை எடு. உன் பெயரோடு என் முழுப் பெயரைச் சேர்த்துத் தேடு. வருகிற ஒவ்வோர் இடத்துக்கும் எழுதி, என் பெயரை அடித்துவிட்டு முதல் எழுத்தை மட்டும் வைக்கச் சொல், அந்த ஆயிரம் பேரில் நீயும் ஒருத்தியாகிவிடுவாய். ஒரு வாரம் கழித்து மறுபடி தேடிப் பார்.